நோ இல்லாத வாங்கு

"நோகுதோ?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பராசக்தி அக்கா எங்கள் இலந்தைக்குறிச்சி ஆஸ்பத்திரியை ஆண்டார். ஆண்டார் என்றுதான் சொல்வேன், யார் சிரித்தாலும் பரவாயில்லை. உத்தியோகத்தில் அவர் வெறும் அற்றென்டன். கூட்டுவது, கழுவுவது, வாசலில் நின்று சனத்தை ஒழுங்குபடுத்துவது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் டொக்டர் எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்குப் போனவர், போனவர்தான். அவருடைய இடத்துக்கு வந்தவர் ஒரு மாரிகாலம் இருந்து பார்த்துவிட்டு அவரும் பெட்டியைக் கட்டினார். மிஞ்சியது அப்போத்திக்கரி அருளம்பலம் ஐயாவும், மருந்து கொடுக்கிற நானும், பராசக்தி அக்காவும். அப்போத்திக்கரி முழு டொக்டர் இல்லை, ஆனால் வைத்தியம் பார்க்க அரசாங்கம் அனுமதித்த ஆள். நல்ல மனிதர், ஆனால் ஒரே ஒரு மனிதர். சனமோ விடிந்தவுடன் வெளிவாசல் படலை வரைக்கும் நிற்கும்.

நான் சோமசேகரம். போத்தலோடு வருகிறவர்களுக்குச் சிவப்பு மிக்சரும் வெள்ளை மிக்சரும் ஊற்றிக் கொடுத்தே என் காலம் போனது. ஊரில் எனக்கு 'மிக்சர்' என்று பட்டம் வைத்தவரும் பராசக்தி அக்காதான். அவருடைய வாய்க்கு அப்போத்திக்கரி ஐயாவே பயம். அந்த வாயைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், நல்லதும் கெட்டதும் சேர்த்து.

எங்கள் பக்கத்தில் வலி என்று சொல்வது பிரசங்கம் செய்கிறவர்கள்தான். மற்றவர்களுக்கு அது நோ. பல்லு நோ, வயிற்று நோ, நாரி நோ. நோ இருந்தால் வருத்தம், நோ இல்லாவிட்டால் வருத்தம் இல்லை. நோகாத ஒன்றுக்காக ஆஸ்பத்திரிக்கு வருகிறவனை வேலைவெட்டி இல்லாதவன் என்று ஊர் சொல்லும். எண்பத்தேழில் வடமராட்சியில் ஷெல் விழுந்த நாட்களில் காயக்காரரும் காய்ச்சல்காரரும் ஒன்றாக வந்து குவிந்தபோது, பராசக்தி அக்கா ஊரின் அந்த நினைப்பையே சட்டமாக்கினார். ஐயாவின் அறை வாசலில் சனம் இருக்க ஒரு நீள மரவாங்கு, அது நோ உள்ளவர்களுக்கு. விறாந்தையின் கடைசியில் இன்னொரு வாங்கு, அது நோ இல்லாதவர்களுக்கு. முதல் வாங்கு முடிந்து நேரம் மிஞ்சினால்தான் இரண்டாவதுக்கு முறை வரும். பெரும்பாலும் வராது. மத்தியானம் அக்கா அந்த வாங்கில் இருப்பவர்களின் குறைகளை ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டு போய்க் கதவடியில் ஒப்புவிப்பார். ஐயா தலையை நிமிர்த்தாமல், "விற்றமின் குடுக்கச் சொல்லு" என்பார். நான் கொடுப்பேன்.

முதல் வாங்குக்காகப் பொய் சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் அக்கா மருந்து வைத்திருந்தார். வயிற்றுக்குத்து என்று சுருண்டுகொண்டு வருபவனின் பின்னால் போய் நின்று முழங்கைக்கு மேலே சதையை இரண்டு விரலால் பிடித்து ஒரு நுள்ளு நுள்ளுவார். உண்மையான நோக்காரனுக்கு அது தெரியவே தெரியாது. பொய்க்காரன் துள்ளித் திரும்பி, "ஏன் நுள்ளுறியள்?" என்பான். "எழும்பி அங்காலை போ ராசா. உன்ரை வயித்துக்குத்து சுகமாயிட்டுது" என்பார் அக்கா. விறாந்தை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

சின்னத்தங்கம் என்று ஒருத்தி, புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நிற்பவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஒரு நாள் அவள் வந்து, ஆண்கள் நிற்கிறார்களே என்று சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நெஞ்சுப் பக்கம் ஒரு கட்டி கிடக்கு அக்கா" என்றாள்.

"நோகுதோ?"

"நோகேல்லை. அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு."

"நோகாட்டில் பிறகென்னடி? அங்காலை இரு."

இருந்தாள். விற்றமின் குளிசை வாங்கிக்கொண்டு போனாள். பிறகும் வந்தாள், பிறகும் அதே வாங்கு, அதே குளிசை. அடுத்த புகையிலை வெட்டுக் காலத்தில் அவள் நோவோடு வந்தாள். அந்த நோ எப்படி என்று பார்க்க அக்காவுக்கு நுள்ளத் தேவைப்படவில்லை. கையைப் பிடித்து எல்லாரையும் விலக்கி நேரே ஐயாவிடம் கூட்டிக்கொண்டு போனார். ஐயா சேலையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அன்றைக்கே அவளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்கு வந்து, தனக்குப் பழக்கமான அந்தக் கடைசி வாங்கில் இருந்தாள். அக்கா விளக்குமாற்றோடு பக்கத்தில் போனார்.

"என்னவாம்?"

"இனி வெட்டியும் பிரயோசனமில்லையாம் அக்கா. பெரிய டொக்டர் பேசினவர். நோகாமல் இருக்கேக்கை வந்திருந்தால் காப்பாத்தியிருப்பாராம். நோ வருமட்டும் ஏன் பாத்துக்கொண்டு இருந்தனியெண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்களைக் காட்டிக் குடுப்பனே?"

அவள் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. குத்திக் காட்டத் தெரிந்திருந்தால் முதல் நாளே முதல் வாங்கில் இருந்திருப்பாள். சித்திரைக்கு முன்னமே செத்துப்போனாள். செத்தவீட்டில் பராசக்தி அக்கா அழவில்லை. வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் காலையில் அக்கா வாசலில் நின்று கேட்ட கேள்வி வேறு.

"நோகாமல் ஆருக்காவது கட்டி கிட்டி, ஆறாத புண் கிண் இருக்கோ? இருந்தால் முன்னுக்கு வாங்கோ."

சனம் சிரித்தது. அக்காவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஒருவர் சொன்னார். நோ இல்லாதவர்களை வாசல் வாங்குக்கும் நோ உள்ளவர்களைக் கடைசி வாங்குக்கும் மாற்றியபோது சிரிப்பு நின்று சண்டை தொடங்கியது. மினிபஸ் ஓடும் தம்பிராசா கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்று கத்தினான்.

"நான் பல்லு நோவிலை சாகிறன். உவ என்னெண்டால் சும்மா திரியிற பொம்பிளையளை உள்ளுக்கு விடுறா."

"பல்லு நோவிலை ஒருத்தரும் சாகிறேல்லை. பொத்திக்கொண்டு இரு."

அருளம்பலம் ஐயாவுக்கும் இது பிடிக்கவில்லை. "பராசக்தி, நீர் எப்ப தொட்டு டொக்டர்?" என்று கேட்டார். "டொக்டர் ஒருத்தர் இருந்தால் நான் ஏன் ஐயா வாசலிலை நிண்டு கத்திறன்?" என்று அக்கா சொன்னார். ஐயா முணுமுணுத்தாலும் பார்த்தார். அக்கா நினைத்ததில் முக்கால்வாசி கொழுப்புக் கட்டியும் கொப்புளமும்தான். அதற்கும் ஐயாவிடம் ஏச்சு வாங்கினார். பெண்கள் வெட்கப்படுகிறார்கள் என்று தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் காயம் கட்டும் அறை மூலையில் திரையாகக் கட்டினார். அந்தத் திரைக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள் புருசனுக்கும் காட்டாததை அவருக்குக் காட்டினார்கள். வெற்றிலையும் புகையிலையும் போட்டுக் கன்னத்தின் உட்பக்கம் வெள்ளை படர்ந்த ஒருத்தியை நேரத்தோடு மகரகமவுக்கு அனுப்பினார். அவள் வெட்டிக்கொண்டு வந்து இன்றைக்கும் வெற்றிலை போடாமல் உயிரோடு இருக்கிறாள். மகரகம கொழும்புக்குப் பக்கத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர். எங்கள் ஆட்கள் அந்த வருத்தத்தின் பெயரை வாயில் எடுக்காமல் 'மகரகமவாம்' என்பார்கள். கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

தொண்ணூறில் திரும்பவும் சண்டை. தெற்கே போகிற ஆனையிறவுப் பாதை பூட்டுப்பட்டது. ரயில் நின்றது. கொழும்புக்குப் போவதென்றால் முதலில் எங்கள் பக்கத்தை வைத்திருந்த இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும், பிறகு கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். நேவி சுட்டால் அதோடு சரி. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின காலம். மயக்க மருந்து காயக்காரருக்கே போதாது. அந்தக் காலத்திலும் அக்கா வாசலில் நின்று நோகாமல் இருக்கோ என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கண்டுபிடித்து எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன். "முதல் கண்டுபிடிப்பம் சோமர்" என்றார்.

அக்காவுக்கு ஒரே மகள், அருந்ததி. பாலர் வகுப்பு ரீச்சர். தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாயின் வாயில் பாதிகூட மகளுக்கு இல்லை. பொய் சொல்லவே தெரியாது. தெரியாமல் போனதற்குத் தாய்தான் காரணம். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்க வயிற்று நோ என்று சின்னதில் ஒரு தரம் சொல்லி, நுள்ளு வாங்கி, அதோடு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. அவளைக் கட்டின பொடியன் கொழும்பில் கடையொன்றில் நின்றான். பாதை திறக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு அவள் தாயோடு இருந்தாள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் அக்கா வீட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது, வாசலில் கேட்கிற கேள்வியை மகளிடமும் கேட்டிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக் கதையை வீட்டை கொண்டுவராதையுங்கோ அம்மா" என்று அருந்ததி சிரித்திருக்கிறாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஓம், ஒண்டு கிடக்கு. புளியங்கொட்டையளவுதான். நோகேல்லை" என்றாள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் பார்த்து, துண்டு எடுத்துச் சோதித்து, அதுதான் என்றார். ஆனால் அவர் அக்காவைப் பாராட்டினார். "நல்ல நேரத்திலை பிடிச்சிருக்கிறியள் அம்மா. இப்ப மகரகமவுக்குக் கொண்டு போனால் பிள்ளை தப்பும். வெட்டி, ரேடியேசன் கரண்ட் பிடிச்சால் சரி. இஞ்சை எங்களிட்டை ரெண்டுக்கும் வழியில்லை" என்று சொல்லிக் கடிதமும் தந்தார். அக்கா அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த முகத்தை நான் மறக்கவில்லை. மகளுக்குப் புற்றுநோய் என்று கேட்டுவிட்டு வந்த தாயின் முகம் அல்ல அது. "நேரத்துக்குப் பிடிச்சிட்டன் சோமர்" என்று என் யன்னலடியில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

பாஸ் எழுதிக் கொடுக்கிற கந்தோர் கொக்குவிலில், உயரமான மதில் போட்ட ஒரு வளவுக்குள் இருந்தது. பின்னால் ரயில் பாதை. தண்டவாளத்தைப் பங்கர் கட்டக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அருந்ததியை என் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நானும் போனேன். அக்கா தம்பிராசாவின் மினிபஸ்ஸில் வந்து சேர்ந்தார். உள்ளே போனால் அங்கேயும் இரண்டு வாங்கு. அவசரக்காரர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். வருத்தம் என்று சாட்டுச் சொல்லி ஊரைவிட்டு ஓடுகிறவர்கள் அந்த நாளில் நிறையப் பேர், அதனால் மேசைக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக்காரர் ஒருவரையும் நம்பவில்லை.

அக்கா மகளை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"கேட்டால் நோகுதெண்டு சொல்லு."

"நோகேல்லையே அம்மா."

"நோகுதெண்டு சொல்லடி. குனிஞ்சுகொண்டு சொல்லு."

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்காரர் டொக்டரின் கடிதத்தை வாசித்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"புருசன் எங்கை?"

"கொழும்பிலை."

அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு இப்ப நோகுதோ?"

அருந்ததி தாயைப் பார்த்தாள். அப்போதுதான் அக்கா அவளுக்குப் பின்னால் போய் நின்று, முழங்கைக்கு மேலே, தன் பலம் முழுவதையும் போட்டு நுள்ளினார். பிள்ளை கத்துவாள், கத்தினால் நோ என்று எழுதுவார்கள் என்று நினைத்திருக்கிறார்.

அருந்ததி துள்ளித் திரும்பினாள். "ஏனம்மா நுள்ளுறியள்?"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. கண்ணாடிக்காரர்கூடச் சிரித்தார். "அம்மா, எங்களுக்கும் வீட்டிலை பெண்டுகள் இருக்கினம். புருசனிட்டைப் போக விருப்பமெண்டால் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கோ, பாப்பம். வருத்தமெண்டால், நோ வரட்டும், உடனை கொண்டு வாங்கோ. அண்டைக்கே எழுதித் தாறன்" என்றார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று மன்றாடினார். நோகாமல் இருக்கும்போதுதான் போக வேண்டும், நோ வந்தால் பிரயோசனமில்லை, பெரிய டொக்டர் எழுதியிருக்கிறார் என்றெல்லாம் சொன்னார். ஊருக்கே பதில் சொல்லுகிற வாய் அன்றைக்குத் திக்கித் திணறியது. "கடிதம் எல்லாரும்தான் கொண்டுவருகினம்" என்று சொல்லி அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீர் ஆர் என்று கேட்டார். மிக்சர் ஊற்றுகிறவன் என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று பேசாமல் விட்டேன்.

பிறகும் போனார்கள். டொக்டரிடம் புதுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார்கள், சோதினை முடிவைக் கொண்டுபோனார்கள். மேசையில் ஆள் மாறி மாறி இருந்தாலும் அந்தக் கந்தோரில் அருந்ததிக்கு 'நுள்ளு வாங்கின பிள்ளை' என்றே பேராகிவிட்டது. அவள் வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். புளியங்கொட்டை எலுமிச்சங்காய் ஆனது. நோ மட்டும் வரவில்லை. அது எப்போது வரும் என்று தாயும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வயிற்றெரிச்சலை நான் எங்கே போய்ச் சொல்ல?

மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தில் ஒரு காலை, அக்கா படலையடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"சோமர், பிள்ளைக்கு நோகுதாம். உண்மையாய் நோகுதாம்."

அந்தக் குரலில் சந்தோசம் இருந்தது. சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் இருந்தது. என்ன சொல்கிறோம் என்று அடுத்த நிமிடம் அவருக்கே விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வாங்கில் இருந்துவிட்டார்.

கண்ணாடிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். அன்றைக்கே எழுதிக் கொடுத்தார். கிளாலிக் கடலைக் கடந்து, வவுனியாவில் ஆமிச் சோதினைகளில் நின்று, மகரகமவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பார்த்த டொக்டர் சிங்கள மனிதர், நல்லவர் என்று அக்கா சொன்னார். பார்த்து முடித்துக் கைகளைக் கழுவினாராம். பிறகு தமிழ் நேர்ஸ் ஒருத்தியைக் கூப்பிட்டு ஏதோ கேட்கச் சொன்னாராம். அந்த நேர்ஸ் அருந்ததியிடம் கேட்டாள்.

"நோ வாறதுக்கு முன்னம் ஏன் வரேல்லையெண்டு டொக்டர் கேக்கிறார்."

அருந்ததி தாயைப் பார்க்காமலே, "பயத்திலை ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திட்டன்" என்றாளாம்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை வளர்ந்த பிறகு சொன்ன ஒரே பொய் அது. மாசியில் செத்துப்போனாள். அங்கேயே எரித்தார்கள். அக்கா சாம்பல் முட்டியோடு திரும்பவும் கடல் கடந்து வந்தார். வழக்கமாகச் சாம்பல் கரைக்கிற கீரிமலைக்குப் போக ஆமி விடாது, தொண்டைமானாற்றில் கரைத்தோம். அங்கே வைத்துத்தான் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். "அவளும் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை சோமர்" என்றார்.

வேலைக்குத் திரும்பி வந்த அக்கா வாசலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூட்டினார், கழுவினார். சனம் தன்பாட்டில் இரண்டு வாங்கிலும் கலந்து இருந்தது. அப்படியே கன நாள் போனது.

தொண்ணூற்றிநாலில் கரவெட்டிப் பக்கத்திலிருந்து நல்லம்மா என்ற பெண் வந்தாள். யாரோ சொல்லி வந்திருக்கிறாள். நேரே அக்காவிடம் போய், "நோகாத கட்டி இருந்தால் உங்களிட்டைக் காட்டச் சொன்னவை" என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஐயா பார்த்து யாழ்ப்பாணத்துக்கு எழுதினார். துண்டுச் சோதனை முடிவோடும் மகரகமவுக்குக் கடிதத்தோடும் நல்லம்மா திரும்பி வந்தபோது, அக்கா அவளைத் திரும்பவும் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். என் யன்னல் அந்த அறைக்குப் பக்கம். எல்லாம் கேட்டது.

"நோகுதெண்டு சொல்லு."

"நோகேல்லையே அக்கா."

"எனக்குத் தெரியும். சொல்லிப் பழகு."

"நோகுது."

"உப்பிடிச் சொன்னால் சிரிப்பினம். மூச்சை இழுத்துக்கொண்டு சொல்லு. குனிஞ்சுகொள். ஆர் நுள்ளினாலும் திரும்பிப் பாக்கப்படாது."

"நோகுது… ஐயோ நோகுது."

"உது காணாது, இன்னும் வேணும். இஞ்சை பார், நான் காட்டுறன்."

பிறகு பராசக்தி அக்காவின் குரல் கேட்டது. "நோகுது" என்றார். பிறகும் "நோகுது" என்றார். விறாந்தையில் கதை நின்றது. அன்றைக்கும் கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்த தம்பிராசா எழும்பி நின்றான். அருளம்பலம் ஐயா நாடி பிடித்த கையோடு கதவடிக்கு வந்தார். நான் போத்தலில் மிக்சர் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குரல் நிற்கவில்லை. "அம்மா நோகுது, என்ரை பிள்ளை நோகுது" என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் திரையை விலக்கப் போகவில்லை.

கடைசியில் நல்லம்மாவின் குரல்தான் கேட்டது. "காணும் அக்கா. எனக்கு விளங்கீட்டுது. காணும்."

நல்லம்மா அடுத்த கிழமை கொக்குவிலுக்குப் போனாள். முதல் தரமே பாஸ் கொடுத்துவிட்டார்கள்.